அரண்மனையில் ஒரு சாரி விருந்து

கூவலூர் ராஜா திருமலைக்கொழுந்துக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். அந்த ஒன்றிலேயே நாட்டு மக்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

விருந்துக்கு வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், பூட்ஸ் காலால் ராஜாவின் கட்டைவிரலை நசுக்கிவிட்டார். "சாரி" என்றார். பிறகு நிம்மதியாகக் கோழிக்காலைக் கடிக்கப் போய்விட்டார். ராஜாவின் விரல் வீங்கியது. ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது. செய்த தப்பைச் செலவே இல்லாமல் தீர்த்துவைக்கும் பாஷை! இது தெரியாமல் தன் முன்னோர்கள் நெல்லும் நிலமுமாக வாரிக் கொடுத்தார்களே என்று உள்ளபடியே வருத்தப்பட்டார்.

உடனே மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியைக் கூப்பிட்டு, அந்தச் சொல்லைச் சீட்டுச் சீட்டாக எழுதவைத்து, அரச முத்திரையும் குத்தி வைத்துக்கொண்டார். ரதம் மோதி எவன் வீட்டுச் சுவராவது இடிந்ததா? ஒரு சீட்டு. சேவகர்கள் எவன் ஆட்டையாவது அடித்துத் தின்றார்களா? ஒரு சீட்டு.

ஒருநாள் சிவனணைஞ்சாள் என்ற பெண் அழுதுகொண்டே சபைக்கு வந்தாள். அரண்மனை யானை அவளுடைய வாழைத்தோட்டத்தை அடியோடு மேய்ந்துவிட்டது. ராஜா பெரிய மனசு பண்ணி அவளுக்கு இரண்டு சீட்டு கொடுத்தார்.

"இதை எம்புள்ளைக எப்படித் திங்கும் மகாராசா?" என்றாள் அவள்.

சபையில் இருந்த ராஜாவின் நகைச்சுவைப் புலவர் அம்பலவாணருக்கு வயிறு எரிந்தது. நேராகச் சொன்னால் தலை போகும். அதனால் கைகட்டிக்கொண்டு கேட்டார்: "பிரபு, நாளை மதியம் இங்கிலீஷ் முறையில் ஒரு விருந்து வைக்க உத்தரவு வேண்டும்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். காலையில் பலகாரத்தைக்கூடத் தொடாமல் காத்திருந்தார்.

மதியம் வெள்ளி மூடி போட்ட தட்டுகள் வரிசையாக வந்தன. ராஜா முதல் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சீட்டு: சாரி. அடுத்ததைத் திறந்தார். அதிலும் சாரி. கடைசித் தட்டுவரை சாரிதான்.

"சோறு எங்கேயடா?" என்று கத்தினார் ராஜா.

"பிரபு, எல்லாம் தங்கள் முத்திரை குத்திய அசல் சரக்கு. சிவனணைஞ்சாள் வீட்டில் நேற்றிலிருந்து இதுதான் சாப்பாடு. பிள்ளைகள் இன்னும் அழுகிறார்களாம். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, பாவம்."

ராஜாவின் கை வாள் பக்கம் போனது. அதற்குள் அவர் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் பெண்ணுக்கு வாழைக்கன்று கொடுங்கள். அது குலை தள்ளும்வரை நம் களஞ்சியத்திலிருந்து நெல் போகட்டும்" என்றார். பிறகு ஒரு சீட்டை எடுத்துக் குறும்பாக நீட்டினார். "அம்பலவாணரே, என்னைப் பட்டினி போட்டதற்கு இதுதான் உமக்குப் பரிசு!"

அம்பலவாணர் அதைக் கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டார்.

"மிக்க மகிழ்ச்சி பிரபு. தங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பத்திரமாக வைத்திருக்கிறேன்."