தாளிப்பனைக்குரிய மரியாதை

மருங்கூர் என்றொரு நாட்டை முன்னொரு காலத்தில் செண்டலங்காரன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் கொடுத்ததை மாலையில் பிடுங்குகிற ஆசாமி. அவனுக்குக் குடை கட்டவும் புகழ்ப்பாட்டு எழுதவும் ஓலை வெட்டி வெட்டியே நாட்டில் தாளிப்பனை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. மிஞ்சிய பிறகு அதன்மேல் அவனுக்கு அப்படியொரு பாசம்! சுற்றிலும் வேலி, காவல், தினம் மூன்று குடம் தண்ணீர்.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை எதனோடு ஒப்பிட்டதற்கு அரசன் தலையசைக்கிறானோ, அதற்குரிய மரியாதையை அவருக்கும் செய்தாக வேண்டும். சிங்கம் என்று புகழப்பட்ட தளபதி, பாவம், ஒருநாள் முழுக்கப் பச்சை இறைச்சி தின்றார்.

மந்திரி ஆவுடையப்பரின் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் அவைப்புலவர் புகழூர்நம்பி. ஒருநாள் அவர் ஆரம்பித்தார்.

"அரசே, தாளிப்பனை நாட்டுக்கே ஒன்று. அதன்மேல் உட்கார்ந்து கத்தும் கொண்டைக்குருவி தெருவுக்கு நூறு. நான் அந்தப் பனை. ஆவுடையப்பர் குருவி. குருவிக்கு எதற்கு மந்திரி பதவி?"

அரசன் தலையசைத்துவிட்டான். "என்ன மந்திரியாரே, பதில் உண்டா? இல்லையென்றால் நாளை முதல் நம்பிதான் மந்திரி."

ஆவுடையப்பருக்குப் பதவியை விட மனமில்லை. இருபது வருட உத்தியோகம் ஆயிற்றே! ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தாங்களே தலையசைத்த பிறகு நான் மறுப்பேனா? முதலில் வழக்கப்படி மரியாதை நடக்கட்டும்."

"அட, ஆமாம்!" என்று அரசன் கைதட்டினான்.

நம்பியைத் தோட்டத்தில் நிறுத்தி வேலி கட்டினார்கள். காலில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்கள். அவர் குந்தப் பார்த்தால், "பனை உட்காருமா, ஐயா?" என்று காவலர்கள் தூக்கி நிறுத்தினார்கள். ஆவுடையப்பரோ குருவிக்குரிய மரியாதைப்படி, கொய்யாப்பழத்தைக் கடித்தபடி இஷ்டத்துக்குச் சுற்றினார்.

உச்சி வெயிலில் ஒருவன் அரிவாளோடு வந்தான். ஆவுடையப்பர் ஏற்பாடு செய்த ஆள்தான். "அரசருக்குப் புதுக் குடை வேண்டுமாம். இந்தப் பனையில் எங்கிருந்து வெட்டட்டும்?"

"ஐயோ, நான் குருவி! வெறும் குருவி! பதவி அவருக்கே இருக்கட்டும்!" என்று நம்பி அலறினார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அரசன் வயிறு வலிக்கச் சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பருக்குப் போட்டான். "நம்பி, குருவிதானே நீர்? பக்கத்து நாடுகளுக்குப் பறந்துபோய்த் தாளிப்பனை விதை கொண்டுவாரும்!"

பிறகு திடீரென்று யோசனை வந்தது. "மந்திரியாரே, நானும் இந்த நாட்டுக்கு ஒருவன்தானே? என்னை எதனோடு ஒப்பிடுவீர்?"

"தாராளமாகச் சொல்கிறேன், அரசே. கேட்கும்போது தலையை மட்டும் அசைத்துவிடாதீர்கள்."

அரசன் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டான்.