ஒன்பது முடிச்சுகள்

கதைக்குள் போகுமுன் மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கயிற்றின் ஒன்பது முடிச்சுகள், தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கால் விளங்காத ஒரு மனிதர். முடிவில் மூன்றும் தேவைப்படும்.

சூசைமுனை என்ற கடலோரச் சிற்றூரில், புனித செபஸ்தியார் திருநாளன்று பிற்பகலில் கோயில் முன்பு அவருடைய கதையை நாடகமாக ஆடுவார்கள். செபஸ்தியார் உரோமைப் படைவீரர். கிறிஸ்துவை மறுதலிக்காததால் அவரைக் கம்பத்தில் கட்டி அம்பெய்தார்கள். செத்துவிட்டார் என்று விட்டுப் போனவரை, இரேனாள் என்ற கைம்பெண் அவிழ்த்துக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தாள். குணமானவர் ஓடி ஒளியவில்லை. நேரே பேரரசன் முன் போய் நின்று, அவன் செய்த கொடுமைகளை முகத்துக்கு எதிரே சொன்னார்.

நாடகத்தில் ஏழு அம்புகள், நுனியில் துணிப்பந்து சுற்றியவை. அம்புக்கு ஒரு பாட்டு. ஏழாவது அம்பு விழுந்தபின் இரேனாள் வேடக்காரி வந்து ஒன்பது முடிச்சுகளையும் அவிழ்ப்பாள். அதற்கே ஒரு முழுப் பாட்டு நேரமாகும். கயிற்றில் கத்தி படக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

அந்த ஆண்டு செபஸ்தியாராக நின்றவர் இன்னாசி. அவருடைய மகள் ரீத்தம்மாள் பதினாறு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். அன்று காலை இன்னாசி கோயிலில் செபஸ்தியார் சிலையின் முன் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டார். “இரேனாள் கடைசி முடிச்சை அவிழ்க்கும்வரை ஒரு சொல் பேசமாட்டேன். என் மகளை எனக்குத் தாரும்.” நாடகத்தை நடத்தும் அண்ணாவியார் சந்தியாகு பக்கத்தில் நின்று அதைக் கேட்டார்.

அங்கிருந்து இன்னாசி, கால் விளங்காத பவுலுவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், கரையிலுள்ள வலைக்கொட்டிலில் உட்காரவைத்தார். திருநாளன்று வலைகளுக்குக் காவல் அவர்தான்.

“செபஸ்தியாரே என்னைச் சுமந்து வந்துட்டாரு. இனி எனக்கென்னவே குறை?” என்று பவுலு சிரித்தார்.

நாடகம் தொடங்கியது. மேடைமேல் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து, அதன்மேல் இன்னாசியை ஏற்றிக் கம்பத்தோடு கட்டினார்கள். ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மூன்றாவது அம்பு நெஞ்சில் பட்டு விழுந்தபோது இன்னாசி தலையை நிமிர்த்தினார். கரையேற்றிய வள்ளங்களுக்கு அப்பால், வலைக்கொட்டிலின் ஓலைக் கூரையில் நூல்போலப் புகை தெரிந்தது. பூசை முடிந்து வெடித்த வாணத்தின் பொறி ஏதோ அங்கே விழுந்து கிடந்திருக்க வேண்டும். பீப்பாய்மேல் நின்றவருக்கு மட்டுமே கூரை தெரிந்தது. மற்றவர்களுக்கு வள்ளங்கள் மறைத்தன. காற்று புகையையும் பவுலுவின் குரலையும் கடலுக்குக் கொண்டுபோனது.

இன்னாசி கயிற்றை இழுத்தார். அது சதைக்குள் இறங்கியது. தலையைக் கரைப்பக்கம் ஆட்டினார். கண்ணை உருட்டினார். கண்ணீர் வழிந்தது.

“பாத்தியா மைனி, நெசமாவே அழுதாரு,” என்று முன்வரிசையில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வில்லேந்தி நின்ற தொம்மை, மீசைக்குள் முணுமுணுத்தான்: “அண்ணே, போதும். என் நடிப்பை ஒருத்தனும் பாக்கமாட்டேங்கான்.”

இன்னாசி திமிறத் திமிறக் கூட்டம் உருகியது. அவர் செய்த ஒவ்வொரு சைகையும் நடிப்பாகவே போய்ச் சேர்ந்தது. கூரையில் இப்போது புகைக்கு நடுவே சிவப்பாக ஒரு கீற்று. பேசினால் ரீத்தம்மாள். பேசாவிட்டால் பவுலு. இன்னாசி பல்லைக் கடித்துக்கொண்டார்.

நான்காவது பாட்டு தொடங்குமுன் திரைக்குப் பின்னாலிருந்து சிலுவையம்மாள் வந்துவிட்டாள். இரேனாள் வேடக்காரி அவள்தான். பீப்பாயின் அருகே போய் முதல் முடிச்சில் கை வைத்தாள்.

அண்ணாவியார் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். “என்ன செய்யிற? இன்னும் நாலு அம்பு இருக்கு.”

“ஏழு வருசமா நான் இந்த வேசம் கட்டுறேன், அண்ணாவியாரே. செபஸ்தியார் கண்ணு வானத்துல நிக்கணும். இவரு கண்ணு கரையில நிக்கி. மனுசனுக்கு என்னமோ ஆயிட்டு.”

“அவரு நேர்ச்சை போட்டிருக்காரு. பாதியில கெடுத்தா அந்தப் புள்ளைக்கு யாரு பதில் சொல்லுவா? வழக்கப்படி முடியட்டும்.”

“கயித்துக்குள்ள ஒரு ஆளு இருக்காரு, வழக்கம் இல்ல.” அவள் முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

இன்னும் எட்டு. இன்னாசி அவள் விரல்களைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு, கட்டுண்டபடியே, தொண்டை கிழியக் கத்தினார்: “கொட்டில் எரியுது! பவுலு உள்ள இருக்காரு!”

வழக்கத்தைக் காக்க நின்றார் அண்ணாவியார். வழக்கத்தை மீறி அவிழ்க்க வந்தாள் சிலுவையம்மாள். எட்டு முடிச்சு மீதி இருக்கும்போதே வாய் திறந்தார் இன்னாசி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: அண்ணாவியார் கெட்டவர் அல்ல, ஒரு குழந்தைக்காகத்தான் பயந்தார். ஆனால் எதிரே நின்ற முகத்தை அவர் பார்க்கவில்லை. சிலுவையம்மாள் பார்த்தாள். அதனால் அவள் செய்தது சரி. ஆனாலும் அவள் கையை மட்டும் நம்பியிருந்தால் பவுலு பிழைத்திருக்கமாட்டார். ஒன்பது முடிச்சு அவிழ ஒரு முழுப் பாட்டு வேண்டும். காய்ந்த ஓலை எரிய அவ்வளவு நேரம் வேண்டாம். ஆகவே மிகச் சரியாகச் செய்தவர் இன்னாசி. அவர் பிசகியது, கத்துவதற்கு முன் தயங்கிய அந்தச் சிறு நேரத்தில்தான். நேர்ச்சையில் நம்முடையதைத்தான் கொடுக்க முடியும். அவர் தம் பேச்சைக் கொடுத்தார். பவுலுவின் உயிர் கொடுப்பதற்கு அவருடையது அல்ல. அம்பு பட்ட செபஸ்தியாரும் பேசத்தானே திரும்பிப் போனார்? பாதி வலை எரிந்தது. பவுலுவைத் தொம்மை தூக்கி வந்தான். ரீத்தம்மாளின் காய்ச்சல் மேலும் ஒன்பது நாள் நீடித்த பிறகுதான் இறங்கியது. அந்த ஒன்பது நாளும் இன்னாசி உறங்கவில்லை; ஆனால் கத்தியதற்காகச் செபஸ்தியாரிடம் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.