புளித்த வயல்

புளி போட்டு நாகலிங்கம் ஐயா வீட்டு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரல் வெடிப்பில் புளி இறங்கிக் காந்தியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் வயல்.

மடத்துச் சாமி வரப்பில் வந்தார். ஐயாவைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் ஐயா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“சாமி, ஒரு குறையும் வைக்கலை. பன்னிரண்டு வண்டி பச்சைத் தழையைச் சேத்துல மிதிச்சேன். மறுநாளே நட்டேன். கணுக்கால் தண்ணி ஒரு நாளும் வத்தவிடலை. பயிர் சாவுது. இது போச்சுன்னா எங்க வீட்டு வருஷச் சோறு போச்சு.”

சாமி குனிந்து ஒரு பயிரைப் பிடுங்கினார். வேர் கறுத்துக் கொழகொழவென்று வந்தது. பிடுங்கின இடத்தில் சேறு குமிழி விட்டது.

“மோந்து பாரும்.”

“புளிச்ச நாத்தம், சாமி.”

சாமி ஐயாவின் வாயையும் மூக்கையும் உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.

ஐயா திமிறினார். கண் பிதுங்கியது.

சாமி கையை எடுத்தார்.

“கொல்லப் பாத்தீங்களே!”

“அந்த மண்ணை நீர் தண்ணியால மூச்சுவிடாம மூடிப் பத்து நாளாச்சு. உள்ளே தழை அழுகிப் புளிச்சு, வேரைத் தின்னுது.”

ஐயா சேற்றையே பார்த்தார்.

“தழை மக்கட்டும், அப்புறம் நடலாம்னு யாரும் சொல்லலையா?”

“ஒருத்தி சொன்னா. நடவுக்கு வந்தவ.”

“என்ன செய்தீர்?”

“கைப்புள்ளைக்காரி, நீ எனக்கு விவசாயம் சொல்றியான்னு கரையேத்தி விட்டேன்.”

அது நான்தான். அன்றைக்கு மெதுவாகத்தான் சொன்னேன். நடவு வேலை போனது. அண்டாதான் மிச்சம்.

“இனி என்ன செய்ய, சாமி?”

“எனக்கு என்ன தெரியும்? பிச்சை வாங்கித் தின்கிறவன். அவளைக் கேளும்.”

சாமி போய்விட்டார்.

ஐயா என் பக்கம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்டாவைப் பார்த்தார்.

“சொல்லு.”

எழுந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்தேன்.

“மடையை வெட்டி விடுங்கய்யா. தண்ணி முழுக்க வடியட்டும். மண்ணு லேசா வெடிக்கிற வரைக்கும்…”

“செவ்வந்தி!” வீட்டிலிருந்து ஐயாவின் வீட்டம்மா. “அண்டா எங்கடி? உலை வைக்க வேணாமா?”

நாற்றங்கால் மூலையில் அவர் மறந்துபோன நாற்று இன்னும் கிடக்கிறது. செத்த இடத்தில் அதை நடலாம் என்றும் சொல்ல வாயெடுத்தேன்.

“போ, போ. கூப்பிடுறா பார்” என்றார் ஐயா.

அண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வடித்த பிறகு எத்தனை நாள் காயவேண்டும் என்பதையாவது சொல்லிவிடலாமென்று திரும்பி நான் பார்த்தபோது, ஐயா மடைப் பக்கம் போய்விட்டிருந்தார்.