பாஸ்வேர்ட் கேட்ட அதிகாரி

தமயந்தி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் கணினிக் கணக்கைத் திறந்து பாடங்களைப் பதிவு செய்யாவிட்டால் சீட்டு போய்விடும். கணினி மையத்தில் பயந்து பயந்து வரிசையில் நின்றாள்.

மையத்தின் அதிகாரி வைத்தியலிங்கம் பெரிய நோட்டு ஒன்றை அவள் முன்னால் தள்ளினார். "பேரை எழுது. பக்கத்திலேயே நீ வைக்கப்போகும் பாஸ்வேர்டையும் எழுது. எழுதினால்தான் கணக்கைத் திறந்துவிடுவேன்."

அவளுக்கு முன்னால் வந்த நாற்பது பேரும் எழுதியிருந்தார்கள். தமயந்தி யோசித்தாள். எழுதினால் தன் மெயிலையெல்லாம் இவர் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். மறுத்தால் படிப்பே போய்விடும்.

"சார், யாரையாவது கேட்டுவிட்டு எழுதட்டுமா?"

"யாரை வேண்டுமானாலும் கேள். என்னைவிட விஷயம் தெரிந்தவன் இங்கே எவன் இருக்கிறான்?"

அவர் தலைக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படித்த தமயந்தி, அதிலிருந்த எண்ணைச் செல்போனில் அழுத்தினாள். அவர் மேஜைத் தொலைபேசிதான் மணியடித்தது.

"கணினி மையம்!" என்று எடுத்து அதட்டினார்.

"சார், ஒருவர் என் பாஸ்வேர்டைக் கேட்கிறார். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, உடனே இந்த எண்ணில் புகார் செய்ய வேண்டும் என்று இந்த அறிவிப்பில் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் என்ன செய்யட்டும்?"

ரிசீவரைக் காதில் வைத்தபடியே அவர் அண்ணாந்து அறிவிப்பைப் பார்த்தார்.

"சொல்ல வேண்டாம்," என்றார் மெதுவாக.

நோட்டை மூடி, கணக்கைத் திறந்துவிட்டார். அவசரத்தில் தமயந்தி பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாம் தடவை அவள் அடித்து முடிக்கும்வரை வைத்தியலிங்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.