எறும்பு பார்த்த கத்திகள்

கருவேலங்கோட்டை ஜமீன்தார் விருந்துக்கு வந்த சம்பந்தியின் முன்னால் மூன்று வேட்டைக் கத்திகளைப் பரப்பினார்.

"நீளக் கத்தி பன்றியைக் குத்த, வளைந்தது தோலுரிக்க, பட்டைக்கத்தி எலும்பு பிளக்க. மூன்றும் என் கையால் ரத்தம் குடித்தவை. டேய் இருளப்பா, இதில் எதுடா உசத்தி? தப்பாகச் சொன்னால் இன்றோடு உனக்கு வேலை இல்லை!"

எதைச் சொன்னாலும் தப்பென்பார். வேட்டையில் பன்றியை வெட்டுவது இருளப்பன். பரண்மேல் குறட்டை விடுவது அவர்.

"எறும்பைக் கேட்போம் எசமான். எவ்வளவு கழுவினாலும் பிடி இடுக்குல கொழுப்பு தங்கும்" என்றவன், மூன்றையும், கூடவே தன் பழைய கத்தியையும் எறும்புச் சாரையில் வைத்தான்.

எறும்புகள் வளைந்த கத்தியைச் சுற்றிக்கொண்டு போயின. பட்டைக்கத்தியைச் சீந்தவே இல்லை. இருளப்பன் கத்தியில் அப்படியே மொய்த்தன. சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

கடைசியில் நீளக் கத்தியிலும் ஒரு கூட்டம் ஏறியது.

"பார்த்தாயாடா!" என்று ஜமீன்தார் துள்ளினார்.

இருளப்பன் அதை எடுத்து முகர்ந்தான். பணிவாகச் சம்பந்தியிடம் நீட்டினான்.

"எசமான் வேட்டை நிஜந்தான் ஐயா. மத்தியானம் நீங்க சாப்பிட்ட மாம்பழம் ஒரே குத்துல செத்திருக்கு."