முயலின் மார்பும் மைனாவின் வர்ணனையும்

மருதங்குளத்தின் கிழக்குக் கரையில் ஒரு முயல் இருந்தது. சடுகுடு ஆட்டத்தில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை.

அந்தக் காட்டில் சடுகுடு வெறும் பொழுதுபோக்கு அல்ல. சித்திரை பிறந்தால் குளம் சுருங்கிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் ஆடிப் பார்க்கும். ஜெயித்த கரை விடியற்காலையில், வண்டல் அடங்கித் தெளிந்திருக்கும் தண்ணீரைக் குடிக்கும். தோற்ற கரை அதற்குப் பிறகுதான் இறங்க வேண்டும். மேற்குக் கரையில் காட்டுப்பன்றிகள் அதிகம். அவை குடித்துப் புரண்டு எழுந்து போன பிறகு குளத்தில் என்ன இருக்கும்? சேறுதான் இருக்கும்.

போன வருஷம் முயலின் காலில் முள் ஏறியிருந்தது. ஆட முடியவில்லை. கிழக்குக் கரை தோற்றது. சேற்றுத் தண்ணீரைக் குடித்த முயல்குட்டி ஒன்று வயிற்றுப்போக்கில் செத்துப்போனது.

இந்த வருஷம் முயலுக்கு நான்கு குட்டிகள்.

மாசியிலேயே பழக்க ஆட்டங்கள் தொடங்கின. மருத மரக்கிளையில் உட்கார்ந்து மைனா வர்ணனை செய்தது. காடே அதன் குரலுக்குக் காத்திருக்கும்.

"ரசிகப் பெருமக்களே! இதோ புறப்பட்டுவிட்டது மேற்குக் கரையின் இடிமுழக்கம்! காட்டுப்பன்றி! என்ன கழுத்து! என்ன மார்பு! அது கால் வைத்த இடத்தில் புழுதி எழுந்து வணங்குகிறது! ஆ... பிடித்துவிட்டார்கள்! பிடிபட்டாலும் என்ன கம்பீரம், பாருங்கள்!"

அடுத்து முயல் பாடிப் போனது. மூன்று பேரைத் தொட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது.

"முயல் போனது, வந்தது. மூன்று பேர் அவுட்டு" என்றது மைனா. "நாம் காட்டுப்பன்றியின் கழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்!"

ஆட்டம் முடிந்ததும் முயல் மரத்தடிக்குப் போனது.

"மைனாக்கா, நான் மூணு பேரைத் தொட்டேன்."

"சொன்னேனே தம்பி!"

"ரெண்டே வார்த்தை சொன்னீங்க. அந்தப் பன்னியப் பத்தி பேசிக்கிட்டே இருந்தீங்க. அவன் ஒருத்தனையும் தொடல!"

"நான் என்ன பண்ணட்டும்? வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ திரும்பி வந்துடற. பேசுறதுக்கு ஏதாச்சும் வேணும்ல? அவன் சும்மா நடந்து வந்தாலே நாலு வரி வருது!"

முயலுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. புல் மேய்ந்தால் புல் இறங்கவில்லை. உட்கார்ந்தால் தொடை துடித்தது. மறுநாள் விடிந்ததும் மணலில் முன்கால்களை ஊன்றி, குனிந்து நிமிர்ந்தது. குனிந்து நிமிர்ந்தது.

அந்த வழியாக வந்த கீரி நின்று பார்த்தது. கீரியும் கிழக்குக் கரை அணிதான்.

"என்ன மாப்ளே, மண்ணை மோந்து பாக்குறியா?"

"தண்டால்."

"நமக்கு எதுக்குடா தண்டால்?"

"மார்பு வேணும்."

"இத்தனை நாள் காலால ஓடுன. இனிமே நெஞ்சால ஓடப் போறியா?"

முயல் தண்டாலை முடித்துப் பஸ்கிக்குப் போனது. ஐம்பது நூறாயிற்று. நூறு இருநூறாயிற்று. காட்டோரத்து வயலில் கொள்ளு திருடித் தின்றது. ஒரு நாள் விட்டால் மார்பு வற்றிவிடுமோ என்று பயந்தது. உடம்பு வலித்த நாளில் இரண்டு மடங்கு செய்தது. ஒவ்வொரு நாளும் குளத்தில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டது. நிழலைப் பார்க்க ஒவ்வொரு நாளும் இரண்டடி கூடுதலாக உள்ளே இறங்க வேண்டியிருந்தது.

"தண்ணி எவ்வளவு உள்ள போயிடுச்சு, பாத்தீங்களா?" என்றது பெண்முயல்.

"தோளைப் பாத்தியா?" என்றது முயல்.

பங்குனியில் ஒரு பழக்க ஆட்டம். முயல் இந்தத் தடவை ஓடவில்லை. நடுக்கோட்டில் நின்றது. மார்பை நிமிர்த்தியது. பக்கவாட்டில் திரும்பித் தோளைக் காட்டியது. பிறகு மெல்லப் பாடிப் போனது.

மைனா கிளையிலேயே குதித்தது. "ரசிகப் பெருமக்களே! இது நாம் பார்த்த முயல்தானா? தோளா அது, தேக்குக் கட்டையா? சிறிய உடம்பில் ஒரு சிங்கம் குடிவந்திருக்கிறது! அந்த நடையைப் பாருங்கள்! அவசரமே இல்லாத நடை!"

முயலின் இரண்டு காதுகளும் மரத்தின் பக்கம் திரும்பியிருந்தன. ஒருவனைத் தொட்டது. மூச்சு முட்ட, தட்டுத் தடுமாறிக் கோட்டுக்கு வந்து சேர்ந்தது.

"மூணைத் தொடுறவன் ஒண்ணோட வர்ற" என்றது கீரி. "அதுவும் செத்துப் பிழைச்சு."

"என்ன சொன்னாங்கன்னு கேட்டியா? சிங்கமாம்!"

"கேட்டேன், கேட்டேன். மேற்குக் கரைக்காரனும் கேட்டுக்கிட்டுச் சிரிச்சான்."

மரத்தடியில் மைனாவுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. "எல்லாம் பிரமாதம் தம்பி. அந்தக் கடைசித் திருப்பம்தான் எனக்குத் தப்பிப் போச்சு. எந்தப் பக்கம் திரும்புவேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நல்ல வாக்கியமா யோசிச்சு வச்சிருப்பேன்."

முயல் யோசித்தது. அதுவரை எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது அதற்கே தெரியாது. காலுக்குத்தான் தெரியும். எதிராளி எடையை மாற்றும் அந்த நொடியில் கால் திரும்பும். முயல் கூடவே போகும். இப்போது முதல் தடவையாக அது தன் சித்திரை ஆட்டத்துக்கு உட்கார்ந்து திட்டம் போட்டது.

"முதல்ல வலது பக்கம் போற மாதிரி ஒரு பாவலா. அப்புறம் இடது மூலைக்குப் பாய்ச்சல். உடும்பைத் தொடுவேன். முள்ளம்பன்றியைத் தாண்டிக் குதிச்சு வந்துடுவேன்."

"தாண்டிக் குதிச்சா? ஆகா! அதுக்கு மட்டும் ஆறு வரி சொல்லலாம்!"

சித்திரையில் ஆட்டம் வந்தது. அனல் காற்று குளத்தின் விளிம்பில் வெடித்துக் கிடந்த மண்ணைப் பொடியாக்கிக் கண்ணில் அடித்தது. ஒருவராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இரண்டு கரைகளும் சமமாக வந்து, கடைசிப் பாட்டு முயலுக்கு விழுந்தது. எதிரில் மூன்று பேர்: காட்டுப்பன்றி, உடும்பு, முள்களைப் படியவைத்துக்கொண்டு நின்ற முள்ளம்பன்றி.

அணித்தலைவனான வெளிமான் முயலின் காதருகே குனிந்தது. "ஒருத்தனைத் தொட்டாப் போதும்டா. தொட்டுட்டு ஓடி வந்துடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

கரையோரக் கோரைப்புல்லில் பெண்முயல் நான்கு குட்டிகளோடு நின்றது. குட்டிகளின் வாய் உலர்ந்திருந்தது.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

முயல் கோட்டைத் தாண்டியது. மைனா மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கியது.

"ரசிகப் பெருமக்களே! சிங்கம் களத்தில் இறங்கிவிட்டது! இதோ வலப்பக்கம் போகப் போகிறது! நம்பாதீர்கள், அது வெறும் பாவலா! அடுத்து இடது மூலைக்கு ஒரு மின்னல் பாய்ச்சல் வரும், பாருங்கள்! உடும்பே, உன் கதி என்ன?"

உடும்பு தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தது. பிறகு நிதானமாக இடது மூலைக்கு நகர்ந்து, நகங்களை மண்ணில் ஊன்றியது. பன்றி அதன் பின்னால் வந்து நின்றது.

வலப்பக்கம் காலியாகக் கிடந்தது. அங்கே முள்ளம்பன்றி மட்டும் நின்றது. ஒரு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். முயலின் பின்கால்கள் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தன.

முயலுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் மைனா சொல்லிவிட்டதே! மின்னல் என்று சொல்லிவிட்டதே! காடு முழுவதும் கழுத்தை நீட்டி இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முயல் இடது மூலைக்குப் பாய்ந்தது.

உடும்பின் பிடி பின்காலில் விழுந்தது. தொட்டாயிற்று, இனிக் கோட்டை எட்ட வேண்டும். முயல் முன்கால்களை ஊன்றி உடும்பை இழுத்தது. தண்டால் எடுத்த தோள் நன்றாகத்தான் இழுத்தது. நான்கடி இழுத்தது. அதற்குள் பன்றி மேலே விழுந்தது. பெருத்த மார்புக்கு மூச்சு போதவில்லை. "சடுகுடு சடு..." என்று இழுத்துப் பாட்டு அறுந்தது. நடுக்கோடு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது.

மேற்குக் கரை கூச்சலிட்டது. அதையும் மீறி மைனாவின் குரல் எழுந்தது.

"வீழ்ந்தது! ரசிகப் பெருமக்களே, ஒரு மாவீரன் வீழ்ந்ததைக் கண்டோம்! அந்தத் தோள்களைப் பாருங்கள், மண்ணில் கிடந்தும் மண்ணுக்குப் பணியாத தோள்கள்! கோட்டை நோக்கி நீண்ட அந்த முன்கால், கரையைத் தொட நினைத்து நடுவழியில் ஓய்ந்த அலை!"

மைனா நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே போனது. அந்தக் காட்டில் யாரும் யாரையும் அவ்வளவு நேரம் வர்ணித்ததில்லை. பன்றியின் வயிற்றுக்கு அடியில் கிடந்தபடி முயல் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டது. எல்லாம் நல்ல வார்த்தைகள்.

மறுநாள் விடிந்தது. மேற்குக் கரை குளத்தில் இறங்கிக் குடித்தது. பன்றிகள் புரண்டன. கிழக்குக் கரை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. வெளிமான் முயலின் பக்கம் திரும்பவில்லை.

வெயில் ஏறிய பிறகுதான் அவர்கள் முறை வந்தது. குளம் குழம்பாகக் கிடந்தது.

"தண்ணியில வாய் வைக்காதீங்க. ஈரப் புல்லை மட்டும் நக்குங்க" என்றது பெண்முயல். மூன்று குட்டிகள் கேட்டன. கடைக்குட்டி தாயின் காலுக்கிடையில் நழுவி, சேற்றில் வாய் வைத்தது.

முயல் ஓடிப் போய் மூக்கால் அதைத் தள்ளியது.

"வேண்டாம்டா!"

"தாகமா இருக்குப்பா." குட்டி வாயைத் துடைத்துக்கொள்ளாமல் நிமிர்ந்து பார்த்தது. "அப்பா, நேத்து அந்த மைனா அத்தை உங்களப் பத்தி எவ்வளவு நேரம் பேசுனாங்க!"

குட்டி மறுபடி குனிந்தது. முயல் மறுபடி தள்ளியது. குட்டி மறுபடி குனிந்தது.

பார்ப்பவர் வாயில் இடம்பிடிக்கத் தன் திறமையை மாற்றிக்கொள்கிறவனுக்குப் பாராட்டு கிடைக்கலாம். அதற்கான விலையை அவனை நம்பியிருப்பவர்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.