பூவாயி கையை விட்ட நாள்

மீனும் பாசியும் கல்லும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மன்னார்க் கடலில் பூவாயி, சொக்கி என்று அக்காள் தங்கை இருவர் இருந்தார்கள். இருவருக்கும் கண்ணாடி போன்ற உடம்பு. எலும்பு கிடையாது. ஒரு வயிறு, அதற்கு ஒரு வாய், வாயைச் சுற்றி விரல்கள், அவ்வளவுதான். கையைக் கோத்துக்கொண்டு நீரோட்டம் போன பக்கம் போவார்கள். கிடைத்ததைத் தின்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

ஒருநாள் கடலில் உள்ளவர்களை எல்லாம் ஒரு கிழட்டு ஆமை இனம் பிரித்துப் பங்கு கொடுத்தது. வேர் உள்ளவர்களுக்கு வெயில். நடமாடுகிறவர்களுக்குக் கடல் முழுவதும். கல்லுக்கு, யாரும் தின்னமாட்டார்கள் என்ற நிம்மதி.

அக்காள் தங்கை முறை வந்தபோது ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"பூவா நீங்க?"

"தெரியலை ஐயா. பசிக்குது," என்றாள் பூவாயி.

"பசிச்சா பிராணிதான். இந்தப் பக்கம் வாங்க. நாளைக்கு ஓட்டம் திரும்புது. ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தா தீனிக்குப் பஞ்சமில்லை."

பக்கத்தில் நின்ற கிளிமீன் சிரித்தது. "தின்ன வாயாலேயே துப்புற ஜென்மம். இதுவும் பிராணியாம்."

"உன் பல்லு வெளியே நிக்குது. அதை முதல்ல உள்ளே தள்ளு," என்றாள் சொக்கி. ஒரே வாய்தான் என்றாலும் சொக்கியின் வாய் சும்மா இருக்காது.

மறுநாள் விடியும்போது பூவாயியின் அருகே பழுப்பு நிறத்தில் தூசி போல ஏதோ மிதந்து வந்தது. பசியில் அவள் யாரென்று கேட்கவில்லை. ஒரு வாய் அள்ளி விழுங்கிவிட்டாள்.

வயிற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா, எங்களைத் தின்னுட்டீங்களா?"

"ஆமா. யாரு நீங்க?"

"பாசி. செடிங்க பக்கம் போனோம். வேர் எங்கேன்னு கேட்டு விரட்டிட்டாங்க. உங்க பக்கம் வந்தா, வந்தவங்க எல்லாம் தின்னுறாங்க." பாசிகள் வயிற்றைச் சுற்றிப் பார்த்தன. "இங்கே நல்லா இருக்கு. வெளிச்சம்கூட வருது. செரிக்கும்போது வலிக்குமா அக்கா?"

அவள் விழுங்கிய எதுவும் இதுவரை அவளிடம் பேசியதில்லை. வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செரிக்காமல் இருந்தாள். அந்தப் பசியில் அது லேசான காரியமல்ல.

வெயில் ஏறி, கண்ணாடி உடம்பின் வழியே உள்ளே இறங்கியது. பாசிகள் வெயிலைத் தின்று, மிஞ்சியதை அவளுக்குள்ளேயே விட்டன. மெல்லிய இனிப்பு. பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பூவாயிக்குப் பசி அடங்கியது.

அப்போது ஓட்டம் திரும்பியது.

"கிளம்பு அக்கா," என்று சொக்கி கையைப் பிடித்தாள்.

"ஆழத்திலே வெயில் வருமா?"

"அங்கே ஏது வெயில்? இருட்டுதான்."

"அப்போ இதுக செத்துப் போயிரும்."

சொக்கி அவள் வயிற்றைப் பார்த்தாள். "ஊரான் வீட்டுப் பாசிக்காகவா நிக்கிறே? செரிச்சுட்டு வா."

"வலிக்குமான்னு கேக்குதுக."

"அந்த ஆமை அன்னைக்கு நம்ம அம்மாவை விழுங்கினப்போ, வலிக்குமான்னு கேட்டுச்சா?"

பூவாயி வெயில் விழுந்த ஒரு பாறையில் அடிவயிற்றை ஊன்றி உட்கார்ந்தாள். வழுக்கியது. ஓட்டம் சொக்கியை இழுத்தது, சொக்கி அவளை இழுத்தாள். இரண்டையும் பிடித்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பூவாயி தங்கையின் கையை விட்டாள்.

சொக்கி கத்தவில்லை. "நீயாத்தான் விட்டே," என்று மட்டும் சொல்லிக்கொண்டே தூரமானாள்.

மறுபடி வழுக்காமலிருக்க, பூவாயி கடல்நீரை உறிஞ்சி அடியில் சுண்ணாம்பாக விட்டாள். அது இறுகிக் கிண்ணமாயிற்று. மணல் மூட வந்தால், கீழே இன்னொரு தளம் போட்டு மேலேறி உட்கார்ந்தாள். தன் உடம்பையே பிளந்து பக்கத்தில் இன்னொருத்தியை உட்காரவைத்தாள். அவளும் பூவாயிதான்.

ஆமை வந்து சலித்துக்கொண்டது. "பிராணின்னு சேர்த்தேன். செடி மாதிரி வெயில் காயுறே, கல்லு மாதிரி கிடக்கிறே. உன்னை எதிலே வைக்க?"

"எதிலே வேணாலும் வையுங்க ஐயா. நகரச் சொல்லாதீங்க."

ஒரு சித்திரையில் காற்றே இல்லாமல் கடல் கொதித்தது. பாசிகள் தந்த இனிப்பே அவளுக்கு நெருப்பாயிற்று. காய்ச்சலில் நினைவு தப்பி, வயிற்றிலிருந்த அத்தனை பேரையும் வாய்வழியே கக்கிவிட்டாள். நினைவு வந்தபோது உடம்பு வழியே அடியிலிருந்த சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. வயிற்றில் குரல் இல்லை.

அன்றுதான் சொக்கி வந்தாள். குடைபோல விரிந்து, நீண்ட கைகளைத் தொங்கவிட்டு வந்தாள்.

"இப்போ வெறும் வயிறுதானே. கல்லை விட்டுட்டு உடம்போட கிளம்பு. பிடுங்கினா வரும்."

பூவாயி கிண்ணத்தின் விளிம்புவரை எழுந்தாள். தங்கையின் கையைத் தொட்டாள். அந்தக் கை அவளுக்கு மறந்திருக்கவில்லை.

"அதுக திரும்பி வந்தா?"

"வரலைன்னா?"

"வரலைன்னா பசியிலே செத்துருவேன். வந்து, நான் இல்லைன்னா, அதுக எங்கே போகும்?"

அவள் மீண்டும் கிண்ணத்துக்குள் இறங்கினாள். சொக்கி வெகுநேரம் மேலேயே மிதந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் கோபமாடி?" என்று கேட்டாள் பூவாயி.

"கோபம்தான்," என்றாள் சொக்கி. பிறகு, "எனக்கும் எங்கேயாவது உட்காரணும்னு இருக்கும். ஒட்ட வராது," என்றாள்.

"எனக்கும் ஓடணும்னு இருக்கும்."

"என் பிள்ளைகளை முதல்ல கொஞ்ச நாள் கல்லுல உட்காரச் சொல்றேன். பெரியம்மா எப்படி இருக்கான்னு தெரியட்டும்."

"என்னுதுகளை ஓட்டத்திலே விடுறேன். சித்தி போன வழியைப் பார்க்கட்டும்."

சொக்கி போனாள். பூவாயி வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பூவாயிகளில் பலர் காத்திருந்தபடியே இறந்தார்கள். கடைசியில் காற்று வீசிக் கடல் ஆறியபோது, ஒரு பழுப்புத் துளி அவள் வாயருகே வந்து தயங்கியது.

"இடம் இருக்கா அக்கா?"

அன்று முதல்தான் கடல் கொதிக்கும் கோடையில் பூவாயியின் வழிவந்த பவளம் வெளுத்துப் போகிறது, வெளுத்தும் சில காலம் சாகாமல் காத்திருக்கிறது. அன்று முதல்தான் சொக்கியின் வழிவந்த சொறிமீனின் பிள்ளைகள் குடை விரிக்குமுன் கல்லில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன, பவளத்தின் பிள்ளைகளோ கல்லில் உட்காருமுன் சில நாள், யாரையோ தேடுவதுபோல ஓட்டத்தில் அலைகின்றன.